பள்ளிக்கூடத்துக்குப் பிரிண்டர் வாங்கித் தர நினைக்கிறவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கோ.

வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்களும், இங்கே சுன்னாகம், உடுவில், இணுவில் பக்கம் இருக்கிற பெற்றோரும் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரிண்டர் எடுத்துத் தரலாம் எண்டு இருக்கிறம். எதை எடுக்கிறது?" இதுவரை ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி வந்தோம். இனி எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று நாங்கள் மூன்று பேரும் முடிவெடுத்தோம். மூன்று பேரும் மருதனார்மடத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவர்கள். கணினி அறைத் திறப்பு எங்களிடம்தான் இருக்கிறது.

எந்த மாடல் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மாடல் அடுத்த வருடம் கடையில் இருக்காது. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் அது பத்து வருடத்துக்கு உதவும். அதைச் சொல்ல, எங்கள் அறையில் 2022இல் நடந்ததைச் சொல்லவேண்டும்.

அறையில் இருபது கணினி. இரண்டு தரம் வெவ்வேறு ஆட்கள் தந்தது, ஒரு தரம் வலயத்தால் வந்தது. அதனால் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. சிலதில் விண்டோஸ் 7, சிலதில் 10. மூலையில் திரை இல்லாமல் ஒரு பெட்டி இருக்கிறது. பென்டியம் 4, 512 எம்பி நினைவகம். லண்டனில் வேலை செய்கிற பழைய மாணவர் ஒருவர் லீவில் வந்தபோது அதில் பிரீபிஎஸ்டி போட்டுத் தந்துவிட்டுப் போனார். பிள்ளைகளின் வேலைகளைச் சேமித்து வைக்கிற இடம் அதுதான்.

பிரீபிஎஸ்டி யுனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. கலிபோர்னியாவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த கிளை. முதல் பதிப்பு 1993இல் வந்தது. எங்கள் பெட்டியில் இருந்தது அதன் பழைய பதிப்பொன்று. புதிதாக ஏற்றினால் அந்தக் கணினி தாங்காது. ஆனால் வருடக்கணக்காக ஒரு நாளும் மக்கர் பண்ணாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது 2022க்கு வருவோம். யாருக்கும் மறந்திருக்காது. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, காஸ் இல்லை. மார்ச் மாதம் மேல் மாகாணத்தில் தாளும் மையும் இல்லாமல் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. கொரோனாவால் பிந்திப்போன 2021ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை 2022 மே 23இல் தொடங்கவிருந்தது.

எங்கள் பிள்ளைகள் இரண்டு வருடம் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் வராத பிள்ளைகள். 'சூம்' வகுப்புக்குப் போன் இல்லாமல் இருந்தவர்கள் பலர். அவர்களுக்கு அந்தக் கடைசி ஆறு கிழமையில் கொடுக்கக்கூடியது பயிற்சித்தாள் ஒன்றுதான். கணிதத்துக்கு, விஞ்ஞானத்துக்கு, தமிழுக்கு, எங்கள் பாடத்துக்கு. போட்டோக்கொப்பிக் கடைக்காரர் பழக்கமானவர்தான். ஆனால் அவருக்கும் ரோனர் வரவில்லை. வந்தபோது விலை எங்களால் எட்டிப்பிடிக்க முடியாததாக இருந்தது. எங்கள் லேசர் பிரிண்டரிலும் ரோனர் முடிந்து கிடந்தது.

அறையில் இன்னொரு பிரிண்டர் இருந்தது. மை பீச்சுகிற வகை, போத்தலில் மை வாங்கித் தாங்கியில் ஊற்றுவது. நல்லெண்ணத்தோடு ஒருவர் தந்தது. கொம்பனி பெயர் வேண்டாம். அதற்கு நான்கு போத்தல் மை கையில் இருந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து தாள் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் எழுதிய பழைய தாளாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருந்தோம். சிலர் தகப்பனின் கந்தோரில் கழித்த தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்தார்கள்.

பிரச்சினை என்னவென்றால், அந்தப் பிரிண்டரை இணைத்திருந்த கணினியின் மதர்போர்ட் போய்விட்டது. மற்றக் கணினிகள் சிலதில் அதன் டிரைவர் ஏறவில்லை. ஏறியவற்றிலும் ஒவ்வொரு தரமும் கம்பியைக் கழற்றிக் கொண்டு திரிய வேண்டும். கரண்ட் போகப் போக எல்லாம் திரும்பத் தொடக்கத்திலிருந்து. நிற்காமல் ஓடுகிற ஒரே பெட்டி மூலையில் இருந்த அந்தப் பழையது. அதில் ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தது. மை பீச்சும் பிரிண்டர் அச்சிடும்போது எடுப்பது பத்து, இருபது வாட். லேசர் தாளைச் சூடாக்கி மைத்தூளை உருக்குவதால் நூற்றுக்கணக்கில் எடுக்கும், சின்ன யுபிஎஸ் தாங்காது. ஆகவே இரண்டையும் இணைப்பது என்று இறங்கினோம்.

கொம்பனியின் இணையப்பக்கத்தில் விண்டோஸுக்கு டிரைவர் இருந்தது. மக்குக்கு இருந்தது. லினக்ஸுக்கு ஒன்று இருந்தது, ஆனால் புதிய 64-பிட் கணினிக்கு மட்டும், மூல நிரல் இல்லாமல். பிரீபிஎஸ்டிக்கு ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் சின்னப் பாடம் ஒன்று. பிரிண்டருக்கு நாங்கள் எழுத்தை அனுப்புகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். மை பீச்சும் பிரிண்டருக்குத் தெரிந்தது புள்ளிதான். எந்த இடத்தில் எந்த நிறத் துளி என்று யாராவது கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு ஏ4 தாளில் அங்குலத்துக்கு 360 புள்ளி என்றால் ஏறத்தாழ ஒரு கோடியே 25 இலட்சம் புள்ளி. 720 என்றால் அதைப்போல நான்கு மடங்கு, ஐந்து கோடி. ஒரு துளி சில பிகோலீற்றர். ஒரு பிகோலீற்றர் என்பது ஒரு லீற்றரை இலட்சம் கோடியாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு.

அந்தத் துளியைத் தள்ளுவதற்கு இரண்டு வழி. ஒன்று சூடு. 1977இல் ஜப்பானில் கெனன் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்ற பொறியியலாளர் மை நிரப்பிய ஊசியில் தற்செயலாகச் சூடான ஈயப்பற்றுக்கோலை முட்டவைத்தார், மை பீறிட்டது. அங்கிருந்து வந்ததுதான் 'பபிள்ஜெட்'. எச்பியும் அதே காலத்தில் தனியாக இந்த வழிக்கு வந்து 1984இல் 'திங்க்ஜெட்' விற்றது. மற்ற வழி, மின்சாரம் பட்டால் வளைகிற படிகத்தால் மையை அமுக்கித் தள்ளுவது. எப்சன் போனது அந்த வழி. வகுப்பில் ஊசிக் கதையைச் சொன்னால் பின் வாங்குப் பெடியனும் நிமிர்ந்து இருப்பான்.

எந்த வழியாக இருந்தாலும் புள்ளிக் கணக்கை யார் போடுவது என்பதுதான் கேள்வி. விலை கூடிய பிரிண்டருக்குள் அதைப் போட ஒரு கணினி இருக்கும். அதற்கு 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' என்ற மொழி தெரியும். 1984இல் அடொபி நிறுவனம் கொண்டுவந்தது. யுனிக்ஸ் உலகம் அந்த மொழியைத்தான் பொது மொழியாக எடுத்துக்கொண்டது. விலை குறைந்த பிரிண்டரில் அந்த மூளை இல்லை. எல்லாக் கணக்கையும் உங்கள் கணினியில் போடு என்று டிரைவரிடம் விட்டுவிடுகிறார்கள். டிரைவர் இல்லாத கணினிக்கு அந்தப் பிரிண்டர் வெறும் பெட்டி.

யுனிக்ஸுக்கும் அச்சுக்கும் தொடர்பு தொடக்கத்திலிருந்தே உண்டு. பெல் ஆய்வகத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸை எழுதியபோது நல்ல கணினி வாங்க நிர்வாகம் காசு கொடுக்கவில்லை. காப்புரிமைப் பிரிவின் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்தி அச்சிட்டுத் தருகிறோம் என்று சொல்லித்தான் ஒரு பிடிபி-11 வாங்கினார்கள். 1971இல் யுனிக்ஸின் முதல் வாடிக்கையாளர்கள் அந்தப் பிரிவின் தட்டச்சாளர்கள். ஆகவே எங்கள் பெட்டி தன் குடும்பத் தொழிலைத்தான் செய்யப் போகிறது என்று பகிடியாகச் சொல்லிக்கொண்டு தொடங்கினோம்.

முதல் நாள் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை ஆங்கிலத்தில் அடித்து நேரே அனுப்பினோம். முதல் பெயர் இடது ஓரத்தில் வந்தது. இரண்டாவது பெயர் முதல் பெயர் முடிந்த இடத்திலிருந்து ஒரு வரி கீழே. மூன்றாவது இன்னும் தள்ளி. பிறகு தாளுக்கு வெளியே போய்விட்டது. பத்தாம் ஆண்டுப் பிள்ளையொன்று பார்த்துவிட்டு, "சேர், படிக்கட்டு மாதிரி இறங்குது" என்றது. யுனிக்ஸ்காரரும் இதைப் படிக்கட்டு என்றுதான் சொல்கிறார்கள். யுனிக்ஸில் வரி முடிவுக்கு ஒரே ஒரு குறி: கீழே இறங்கு. பிரிண்டர் இரண்டு குறி எதிர்பார்க்கும்: ஓரத்துக்குத் திரும்பு, கீழே இறங்கு. பழைய தட்டச்சு இயந்திரத்தில் வண்டிலைத் தள்ளுவதும் உருளையைச் சுற்றுவதும் தனித்தனி வேலை என்று நினைத்துப் பாருங்கள். அதேதான்.

ஆங்கிலப் பெயர்ப்பட்டியலுக்கு அதைச் சரிசெய்ய ஒரு வரி போதும். எங்களுக்குத் தேவை தமிழ். பிரிண்டருக்குள் தமிழ் எழுத்து கிடையாது. அதோடு எங்கள் கேள்வித்தாள்கள் இரண்டு வகை. இளைய ஆசிரியர்கள் யுனிகோடில் அடிப்பார்கள். மூத்தவர்கள் பாமினியில் அடிப்பார்கள், வருடக்கணக்காகச் சேர்த்த கேள்விகள் எல்லாம் பாமினியில்தான் கிடக்கின்றன.

பாமினி என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைகளுக்காக: அதில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்து மட்டும். நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி எழுத்துருவைப் போட்டுப் பார்த்தால்தான் அது அம்மா. எழுத்துரு இல்லாத கணினிக்கு அனுப்பினால் கணிதத்தாள் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலம். யுனிகோடில் வேறு சிக்கல். 'கெ' என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, ஆனால் உள்ளே முதலில் இருப்பது 'க'. 'கொ' என்றால் ஒரு குறி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். இதை அடுக்கத் தெரியாத பழைய மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகக் கிடக்கும். தமிழ்த்தாளில் அப்படி வந்தால் தமிழ் ரீச்சர் எங்களை வாசலுக்குள்ளேயே விடமாட்டா.

இதற்கு வழி, எழுத்தை அடுக்குகிற வேலையைப் பழைய பெட்டிக்குக் கொடுக்காமல் விடுவது. அடிக்கிற கணினியிலேயே அடுக்கி, எழுத்துருவையும் உள்ளேயே வைத்து, பக்கத்தைப் போஸ்ட்ஸ்கிரிப்டாகவோ பிடிஎப் ஆகவோ அனுப்பிவிட வேண்டும். விண்டோஸ் கணினிகளிடம் ஒரு சின்னப் பொய் சொன்னோம். வலையமைப்பில் நல்ல போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் ஒன்று இருக்கிறது என்று பதிந்தோம். உண்மையில் அந்த முகவரியில் இருந்தது மூலைப் பெட்டி. விண்டோஸும் பழைய யுனிக்ஸும் அச்சு வேலைகளைக் கைமாற்ற ஒரு பொது முறை இருக்கிறது, 'எல்பிஆர்' என்பார்கள். 1990இல் எழுதிப் பதிந்த முறை. இன்றும் வேலை செய்கிறது.

பெட்டிக்குள் வந்த போஸ்ட்ஸ்கிரிப்டைப் புள்ளிகளாக மாற்ற 'கோஸ்ட்ஸ்கிரிப்ட்' என்ற மென்பொருள். பீற்றர் டொயிட்ச் என்பவர் 1988இல் வெளியிட்டது. மூளையுள்ள பிரிண்டர் உள்ளே செய்வதை இது கணினியில் செய்யும், இலவசம். அந்தப் புள்ளிகளை அந்தந்தப் பிரிண்டருக்கு விளங்குகிற மாதிரிக் கட்டிக் கொடுக்க 'குட்டன்பிரிண்ட்'. மைக்கல் சுவீற் தொடங்கியதை ரொபர்ட் கிராவிட்ஸ் முதலானவர்கள் வருடக்கணக்காக வளர்த்தது. அதில் எங்கள் மாடலின் பெயர் இல்லை. ஆனால் அதற்கு ஒரு தலைமுறை முந்திய மாடலின் பெயர் இருந்தது. கொம்பனிகள் ஒவ்வொரு வருடமும் வெளிக்கூட்டையும் பெயரையும் மாற்றுவார்கள், உள்ளே பேசுகிற மொழியை இலேசில் மாற்றமாட்டார்கள். நீ அந்தப் பழைய மாடல் என்று நினைத்துக்கொள் என்று அமைத்துக் கொடுத்தோம். நிறம் கொஞ்சம் மங்கல். கறுப்பு அச்சொட்டாக வந்தது. கேள்வித்தாளுக்கு அது போதும்.

இரண்டு சில்லறைச் சிக்கல் மிச்சம் இருந்தது.

ஒன்று, முதல் வேலை அச்சாகும், அடுத்த வேலைக்குப் பிரிண்டர் அசையாது. ஒவ்வொரு வேலைக்கும் யுஎஸ்பி வாயிலைத் திறக்கும்போது பிரீபிஎஸ்டி பிரிண்டரை ஒரு தரம் மீளத் தொடக்கும். சில பிரிண்டருக்கு அது பிடிக்காது. அதற்காகவே மீளத் தொடக்காத இன்னொரு வாயிலை அதே முறைமை வைத்திருக்கிறது. பெயரில் ஒரு 'என்' கூடுதல், அவ்வளவுதான். மாற்றினோம், ஓடியது.

மற்றது, ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அனுப்பியவர் பெயர் போட்ட ஒரு தாள் வந்தது. பல்கலைக்கழகங்களில் ஒரு பிரிண்டருக்கு நூறு பேர் இருந்த காலத்தில் யாருடைய தாள் என்று பிரிப்பதற்கு வைத்த வழக்கம். தாளை எண்ணி எண்ணிப் பாவிக்கிற நேரத்தில் எங்களுக்கு இது கட்டுமா? அமைப்புக் கோப்பில் இரண்டு எழுத்துச் சேர்த்தால் நிற்கும். சேர்த்தோம்.

எல்லாம் சேர்த்து மூன்று பின்னேரம் எடுத்தது. எங்களில் இரண்டு பேருக்கு நோன்பு. நோன்பு துறக்கும் நேரத்துக்கு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை, சைக்கிள்தான். மற்ற ஆசிரியர் நாங்கள் போன பிறகும் இருந்து பரிசோதித்துவிட்டு, அடுத்த நாள் காலமை என்ன நடந்தது என்று கொப்பியில் எழுதி வைத்திருப்பார்.

உண்மையான பலன் தெரிந்தது கரண்ட் வெட்டில்தான். யுனிக்ஸில் அச்சு வேலை வந்ததும் முதலில் வன்தட்டில் வரிசையாக எழுதி வைக்கப்படும். பிறகு 'எல்பிடி' என்ற சின்ன மென்பொருள் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிண்டருக்குக் கொடுக்கும். யுபிஎஸ்ஸும் முடிந்து பெட்டி அணைந்தால், கரண்ட் வந்து பெட்டி எழும்பும்போது எல்பிடி முதல் செய்வது வரிசையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்து அச்சிடுவது. பாதியில் நின்ற வேலையை முதலிலிருந்து அச்சிடும். யாரும் திரும்ப அனுப்பத் தேவையில்லை. ஆகவே கரண்ட் இருக்கிற நேரத்தில் எல்லா ஆசிரியரும் தங்கள் தாளை வரிசையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போவார்கள். கரண்ட் எந்த நேரம் வந்தாலும் பிரிண்டர் தன்பாட்டில் தொடங்கும். தாள் வைக்க ஒரு பிள்ளை இருந்தால் போதும். மே 23க்கு முன்னம் எங்கள் பிள்ளைகள் எல்லோர் கையிலும் எல்லாப் பாடத்துக்கும் பயிற்சித்தாள் இருந்தது. பழைய தாளின் பின்பக்கத்தில்தான். ஒருவரும் குறை சொல்லவில்லை.

அந்த நாட்களில் ஒரு மூத்த ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. "தம்பிமார், மூண்டு பேர் மூண்டு நாள் மினக்கெட்டதுக்குப் புதுசு ஒண்டு வாங்கியிருக்கலாமே?" சாதாரண காலத்தில் அவர் சொல்வது சரி. ஆசிரியரின் நேரத்துக்கும் விலை உண்டு. ஆனால் அந்த மாதம் கடையில் புதிது இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அந்த மூன்று பின்னேரமும் எங்களோடு நின்ற நான்கு பிள்ளைகள், பாடப்புத்தகத்தில் பிரிண்டர் வகை என்று பாடமாக்கியதைக் கையால் தொட்டுப் பார்த்தார்கள். அதில் ஒரு பிள்ளை இப்போது உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கிறது.

இந்த மூடிய டிரைவர் பிரச்சினை எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1980ஐ ஒட்டி அமெரிக்காவில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்குச் சேரொக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. அது வேறு மாடியில் இருந்தது. தாள் சிக்கினால் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. அங்கே வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், அதற்கு முந்திய பிரிண்டரின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகிற மாதிரிச் செய்து வைத்திருந்தார். புதியதற்கும் அப்படிச் செய்ய நினைத்தார். நிரல் கொடுக்கப்படவில்லை. அது இருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆளிடம் கேட்டார். கொடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் மறுத்தார். ஸ்டோல்மன் 1983 செப்டெம்பரில் 'க்னூ' திட்டத்தை அறிவித்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். இன்று பிள்ளைகள் கையில் இருக்கிற இலவச லினக்ஸின் பெரும்பகுதி அங்கிருந்து வளர்ந்தது. அன்பளிப்பாக வந்த பிரிண்டர் ஒன்று என்பதைக் கவனியுங்கள். தந்தவர் நல்லெண்ணத்தில் தந்தார். பெற்றவருக்கு அதைத் தன் தேவைக்கு ஏற்ப மாற்ற முடியவில்லை.

எங்கள் ஊருக்கும் இப்படி ஒரு பழைய கதை உண்டு. 1820இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு ஜேம்ஸ் கரட் என்ற அச்சகரை அனுப்பியது. ஆங்கிலேய ஆளுநர் அவரை இங்கே இருக்க விடவில்லை. அவர் பம்பாய்க்குப் போனார். மானிப்பாயில் மிஷன் அச்சகம் இயங்கியது 1834இலிருந்துதான். 1841இல் 'உதயதாரகை' வந்தது. மருதனார்மடத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிற மானிப்பாய்க்கு அச்சு வருவதற்கு ஒரு அனுமதி பதினான்கு வருடம் தடையாக நின்றது. ஆளும் இயந்திரமும் தயார், பாவிக்கிற உரிமை வேறொருவர் கையில்.

சரி, வாங்குகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இவைதான்.

முதலாவது, டிரைவர் இல்லாமல் அச்சிடுமா என்று கேளுங்கள். பெட்டியில் 'ஏர்பிரிண்ட்' அல்லது 'ஐபிபி எவ்ரிவேர்' என்று இருந்தால் நல்லது. ஏர்பிரிண்ட் 2010இல் அப்பிள் கொண்டுவந்தது. இப்படியான பிரிண்டர்கள் பொது மொழியில் பேசும். லினக்ஸிலும் மக்கிலும் அச்சு வேலையைப் பார்க்கிற 'கப்ஸ்' மென்பொருள் இந்தப் பக்கம்தான் போகிறது. மைக்ரோசொப்ட்டும் கொம்பனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023இல் அறிவித்துவிட்டது. ஆகவே டிரைவரை நம்பி நிற்கிற பிரிண்டருக்கு இனி ஆயுள் குறைவு.

இரண்டாவது, போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது எச்பியின் 'பிசிஎல்' தெரிந்த பிரிண்டர் பழையதாக இருந்தாலும் தாருங்கள். இருபது வருடம் பழையதென்றாலும் எங்களால் ஓட்ட முடியும். விண்டோஸில் மட்டும் வேலை செய்கிற புதியதைவிட அது எங்களுக்குப் பெறுமதி.

மூன்றாவது, மை யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா என்று பாருங்கள். வெளிநாட்டுக் காட்ரிஜ்ஜுக்குப் பிராந்திய எண் இருக்கலாம், அங்கே வாங்கியது இங்கே வாங்கிய மையை ஏற்காது. அதனால் பிரிண்டரை அங்கிருந்து பொதி கட்டி அனுப்பாமல் இங்கே எடுப்பது நல்லது. போத்தலில் மை ஊற்றுகிற வகை பள்ளிக்கூடத்துக்குத் தோது.

நான்காவது, பாவித்துக்கொண்டே இருக்க வேண்டும். மை பீச்சும் பிரிண்டரை இந்த வெயிலில் இரண்டு மாதம் மூடிவைத்தால் மூக்கு அடைத்துவிடும். கிழமைக்கு ஒரு நிறப்பக்கம் அடித்தால் போதும். தலை துப்புரவாக்கும் ஒவ்வொரு தரமும் மை ஒரு பஞ்சுக்குள் போகிறது. அந்தப் பஞ்சு நிரம்பிவிட்டது என்று கணக்குக் காட்டினால் பிரிண்டர் தானாக நின்றுவிடும். அது பழுது என்று எறியாதீர்கள், பஞ்சை மாற்றலாம். விடுமுறையில் வந்து ஒரு பக்கம் அடிக்கிற வேலையை நாங்கள் முறை வைத்துச் செய்கிறோம்.

ஐந்தாவது, பிரிண்டரோடு நான்கு போத்தல் மையும் ஒரு பெட்டித் தாளும் சேர்த்துத் தாருங்கள். பெரும்பாலான அன்பளிப்புகள் நிற்பது இந்த இடத்தில்தான்.

அந்தப் பென்டியம் பெட்டி 2024இல் மின் வழங்கி எரிந்து போனது. அமைப்புக் கோப்புகளும் மற்ற ஆசிரியர் எழுதிய கொப்பியும் இருந்ததால், கழித்துவிட்ட இன்னொரு கணினியில் ஒரே நாளில் எல்லாவற்றையும் திரும்ப அமைத்தோம். அதே பிரிண்டர், அதே வரிசை. இப்போது அதைப் பார்க்கிறவர்கள் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். கொப்பியில் அவர்களும் எழுதுகிறார்கள்.

வலிகாமத்தில் வேறு பள்ளிக்கூடங்களில் இப்படி மூலையில் கிடக்கிற பிரிண்டர் இருந்தால் எறிய முதல் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். சனிக்கிழமை காலமை நாங்கள் அறையில் இருப்போம். பிரிண்டரையும் மின்கம்பியையும் கொண்டு வாருங்கள், கூட ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு போகலாம்.